பாஸ்தா மாவின் பதம்: வீட்டில் முதன்முறை செய்பவர்களுக்கு

அப்போதே பிசைந்து, தேய்த்து, வெட்டிய பாஸ்தா கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். அதற்கு முன்னால் நடக்கும் எல்லா வேலையும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: மாவில் ஈரம் எவ்வளவு? மெஷினில் மாவு ஒட்டுகிறது, ஷீட் கிழிகிறது, வெட்டிய இழைகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன, வெந்ததும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது என்று புதிதாகச் செய்பவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் ஈரம் கூடிப்போனதால் வருபவை. பாஸ்தா மாவு கெட்டியான மாவு. பிசையத் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில், "தண்ணீர் போதவில்லை, இது சேரவே சேராது" என்று தோன்றும். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றாமல் பொறுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் முட்டை சேர்த்த மாவைப் பார்ப்போம். ஷீட்டாகத் தேய்த்து நீளமாக வெட்டுவதற்கு அதுதான் தோது. முட்டை சேர்க்காதவர்களுக்கான மாவு பின்னால் வருகிறது. அதற்கு மெஷினும் வேண்டாம், பூரிக்கட்டையும் வேண்டாம்.

அளவு

இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட மைதா 200 கிராம், முட்டை 2. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது இத்தாலிய வீடுகளின் பழைய கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் முட்டைகள் ஒரே எடையில் இருப்பதில்லை. ஓடு நீக்கினால் சின்ன முட்டை 42 கிராம்தான் தேறும், பெரியது 55 கிராமையும் தாண்டும். இரண்டு முட்டையில் இந்த வித்தியாசம் 25 கிராமையும் தாண்டிவிடும். ஒரே குறிப்பைப் பார்த்துச் செய்த இருவரில் ஒருவருக்கு மாவு உதிர்வதும் இன்னொருவருக்குக் கையெல்லாம் அப்புவதும் இதனால்தான்.

ஆகவே முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றி எடை பாருங்கள். 200 கிராம் மாவுக்கு 110 கிராம் வர வேண்டும். 90 கிராம்தான் இருக்கிறது என்றால் இன்னொரு மஞ்சள்கருவைச் சேருங்கள். ஒரு மஞ்சள்கரு ஏறக்குறைய 18 கிராம் இருக்கும். ஐந்து கிராம் குறைந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர் போதும். கூடிப்போயிருந்தால் வெள்ளைக்கருவில் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மஞ்சள்கருவில் பாதிதான் தண்ணீர், மீதியில் பெரும்பங்கு கொழுப்பு. மஞ்சள்கரு கூடினால் மாவு மிருதுவாகி நிறம் ஏறுவதும், வெள்ளைக்கரு கூடினால் பாஸ்தா சற்று விறைப்பாக வருவதும் இந்தக் கணக்கால்தான்.

மாவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இத்தாலியக் குறிப்புகளில் '00' என்று ஒரு மாவு வரும். அந்த எண், கோதுமையின் தவிடு எவ்வளவு நீக்கப்பட்டது என்பதைக் காட்டும் தரக்குறி. அது வெள்ளை வெளேரென்று நைசாக அரைத்த மாவு. அது இல்லையென்றால் நல்ல மைதா போதும். பல்லில் கொஞ்சம் கடிபட வேண்டும் என்று விரும்பினால் 150 கிராம் மைதாவுடன், டூரம் என்ற கடினவகைக் கோதுமையின் மாவு 50 கிராம் சேர்க்கலாம். இத்தாலியில் 'செமோலா ரிமசினாட்டா' என்ற பெயரில் விற்பது இதுதான். ரவையை மறுபடி நைசாக அரைத்தது. முழுக் கோதுமை மாவு சேர்ப்பதானால் கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலுள்ள தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழையை அறுப்பதால் ஷீட் மெலிதாகும்போது கிழியும்.

எண்ணெய் வேண்டாம், மஞ்சள்கருவிலேயே தேவையான கொழுப்பு இருக்கிறது. உப்பைக் கொதிநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிசைதல்

மேடையில் மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் முட்டையை ஊற்றி முள்கரண்டியால் அடிப்பது பழைய முறை. குழியை அகலமாக, ஒரு சாண் விட்டத்துக்குப் பறிக்காவிட்டால் கரை உடைந்து முட்டை மேடை முழுக்க ஓடும். முதல் தடவைக்கு ஒரு அகலமான பாத்திரம் போதும், ருசியில் எந்த வித்தியாசமும் வராது. எப்படிச் செய்தாலும் 200 கிராம் மாவில் ஒரு கைப்பிடி, அதாவது 20 கிராம் போல, தனியே எடுத்து வையுங்கள். இளகிய மாவில் உலர்ந்த மாவைச் சேர்ப்பது சுலபம். இறுகிய மாவில் தண்ணீரைச் சேர்ப்பது கடினம். மேலே வழுக்கிக்கொண்டு நிற்குமே தவிர உள்ளே போகாது.

முட்டையை நன்றாக அடித்துவிட்டு, குழியின் உட்புறச் சுவரிலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கலக்குங்கள். கஞ்சிபோல் ஆகி, பிறகு கூழ்போல் ஆகி, முள்கரண்டி திரும்ப மறுக்கும்போது கைக்கு மாறுங்கள். எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்து ஒரு உருண்டையாக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இங்கிருந்து பத்து நிமிடம்.

உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவை முன்னால் தள்ளி, மடித்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். விரலால் பிசைந்தால் விரல்தான் வலிக்கும். தோளிலிருந்து உடம்பின் எடை இறங்க வேண்டும். முதல் மூன்று நிமிடம் மாவின் மேல்பரப்பு வெடித்து, கரடுமுரடாக, மடித்த இடத்தில் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். தண்ணீர் ஊற்றத் தோன்றும் நேரம் இதுதான். ஊற்றாதீர்கள். மாவுத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள நேரம் பிடிக்கும். ஐந்தாவது நிமிடத்தில் வெடிப்புகள் மூடத் தொடங்கும். எட்டாவது நிமிடத்தில் உருண்டையின் மேல் தோல் இழுத்துக் கட்டியதுபோல் வழவழப்பாகும், கையில் எதுவும் ஒட்டாது.

ஆறு நிமிடம் கழிந்தும் உதிர்ந்துகொண்டே இருந்தால் மாவில் தண்ணீர் விடாமல், கையை நனைத்து உதறிவிட்டு அந்த ஈரக்கையால் பிசையுங்கள். தேவைப்பட்டால் மறுமுறையும் அப்படியே. கையில் அப்பினால் எடுத்து வைத்த மாவில் ஒரு டீஸ்பூன் தூவி ஒரு நிமிடம் பிசைந்து பாருங்கள். பிசையவே முடியாதபடி விறைத்துவிட்டால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவைத்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது மாவு தானாகவே தளர்ந்திருக்கும். களைத்த கைக்கும் அந்த ஓய்வு நல்லது.

பதம் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கட்டைவிரலை மாவில் பாதி நகம் அளவுக்கு அழுத்தி எடுங்கள். விரலில் மாவு ஒட்டக் கூடாது. அழுத்திய பள்ளம் மெதுவாக மேலே எழ வேண்டும். எழாமல் அப்படியே கிடந்தால் இன்னும் பிசைய வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் உருண்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகம் ஒரே நிறத்தில், சீராக இருந்தால் சரி. வெள்ளைத் திட்டுகளும் மஞ்சள் வரிகளும் தெரிந்தால் முட்டை முழுதாகக் கலக்கவில்லை என்று பொருள். வெட்டிய பாதிகளை ஒட்டிவைத்து இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள்.

ஊறவைத்தல்

இதைத் தவிர்க்க வழியே இல்லை. பிசைந்த மாவில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தின் இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் தேய்த்தால் ரப்பர்போல் இழுத்துக்கொண்டு பழைய அளவுக்கே திரும்பும். அரை மணி நேரம் ஊறினால் இழைகள் தளரும், ஈரமும் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். மாவைப் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றுங்கள், இல்லையென்றால் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். ஈரத்துணியால் போர்த்த வேண்டாம், மேல்தோல் பிசுபிசுத்துவிடும். திறந்தும் வைக்காதீர்கள். காய்ந்த தோல் தேய்க்கும்போது சிறுசிறு செதில்களாக ஷீட்டில் நிற்கும், பிறகு அதைக் கரைக்க முடியாது.

அறை வெப்பத்தில் 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போதும். அதற்கு மேல் என்றால் குளிர்பெட்டியில் வைத்து, தேய்ப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுங்கள். பச்சை முட்டை சேர்ந்த மாவு என்பதை மறக்கக் கூடாது. மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்க விடாதீர்கள்.

தேய்த்தல்

மாவை நான்காக வெட்டி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப மூடிவையுங்கள்.

கையால் சுற்றும் பாஸ்தா மெஷின் இருந்தால், துண்டை உள்ளங்கையால் தட்டையாக்கி, உருளைகளின் இடைவெளி மிக அகலமாக உள்ள எண்ணில் ஓட்டுங்கள். சில மெஷின்களில் 0 அகலமான இடைவெளி, சிலவற்றில் பெரிய எண்தான் அகலம். உருளையைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள். வந்ததை மூன்றாக மடித்து, மடிப்பில்லாத விளிம்பு உருளைக்குள் முதலில் போகும்படி திருப்பி மறுபடி ஓட்டுங்கள். இப்படி நான்கைந்து முறை. இதுவும் ஒருவகைப் பிசைதல்தான். முதலில் ஓரம் கிழிந்து கந்தலாக வரும் துண்டு, நான்காவது முறையில் பட்டுத்துணிபோல் வரும். பலர் அவசரத்தில் இதை விட்டுவிட்டு நேராக மெல்லிய எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். ஷீட்டில் துளை விழுவதற்கும் ஓரம் பல் பல்லாக வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு மடிக்காமல், ஒவ்வொரு எண்ணாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டு ஒருமுறை ஒருமுறை ஓட்டுங்கள். எண்ணைத் தாண்டிப் போகாதீர்கள். தடித்த ஷீட் குறுகிய இடைவெளிக்குள் திணறிச் சுருங்கும், நடுவில் மடியும். ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றி, மறுகையின் புறங்கையில் ஷீட்டைத் தாங்கி இறக்குங்கள், இழுக்க வேண்டாம். ஒட்டுவதுபோல் தெரிந்தால் இரு பக்கமும் மெல்ல மாவு தடவுங்கள். நீளம் முழங்கையைத் தாண்டினால் குறுக்கே வெட்டி இரண்டாக்கிக்கொள்வது நல்லது.

மெஷின் இல்லாவிட்டால் பூரிக்கட்டை போதும். இத்தாலியின் எமிலியா-ரொமான்யா பகுதியில் இந்த வேலைக்கு ஒரு மீட்டர் நீளம் வரையுள்ள கட்டைகளை வைத்திருக்கிறார்கள்; மாவு முழுவதையும் ஒரே பெரிய வட்டமாகத் தேய்ப்பதற்காக. நம் கையில் குட்டையான கட்டை இருந்தால் கால் பங்கு மாவை மட்டும் எடுத்துக்கொண்டால் சரி. நடுவிலிருந்து வெளிநோக்கித் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுத் திருப்புங்கள். மேடை வழவழப்பான கல்லாக இருந்தால் மாவு பிடிப்பில்லாமல் வழுக்கும், மரப்பலகை நல்லது. மரத்தின் சொரசொரப்பு பாஸ்தாவின் மேல் பதிவதால் சாஸும் நன்றாகப் பிடிக்கும். மாவு பின்வாங்கிச் சுருங்கினால் பலம் காட்டிப் பயனில்லை. மூடிவைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள்.

எவ்வளவு மெல்லியதாக? ஷீட்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். விரல்களின் உருவம் நிழலாகத் தெரிந்தால், நீள நாடாவாக வெட்டும் டாலியாடெல்லேக்குச் சரியான தடிமன், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அச்சடித்த தாளின் மேல் விரித்தால் எழுத்துகளைப் படிக்க முடிகிறதென்றால் அது ராவியோலி போன்று பூரணம் வைத்து மூடும் வகைகளுக்கான தடிமன். வெந்ததும் பாஸ்தா ஊறித் தடிக்கும் என்பதால், "இன்னும் ஒரு எண் குறைக்கலாமா" என்று தயங்கினால் குறைப்பதே மேல்.

காயவிட்டு வெட்டுதல்

தேய்த்த உடனே வெட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஷீட்டைச் சுத்தமான துணியின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுவையுங்கள், நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். தொட்டால் ஈரம் தெரியக் கூடாது; மடித்தால் ஒடியவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பதம். மழைக்காலத்தில் அரை மணி கூட ஆகலாம். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஓரங்கள் முதலில் காய்ந்து வெடிக்கும்.

இரு பக்கமும் ரவை தூவி, ஷீட்டை அழுத்தாமல் தளர்வாகச் சுருட்டி, கூர்மையான கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுத்தால் ஓரம் நசுங்கும். 2 முதல் 3 மி.மீ. அகலத்தில் வெட்டினால் டாலியோலினி, 2 முதல் 3 செ.மீ. அகலத்தில் பாப்பர்டெல்லே. டாலியாடெல்லேயின் அகலத்துக்கு பொலோன்யா நகரத்தின் வர்த்தக சபையில் 1972-இல் பதிவு செய்யப்பட்ட அளவே இருக்கிறது: வெந்தபின் 8 மி.மீ., அதாவது அந்த நகரின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. பச்சையாக வெட்டும்போது 7 மி.மீ. வைத்தால் அங்கே வந்துவிடும். உங்கள் கத்தி 6-க்கும் 9-க்கும் நடுவில் அலைந்தாலும் குறையில்லை, தடிமன் சமமாக இருந்தால் எல்லாம் ஒன்றாக வெந்துவிடும்.

வெட்டியதும் சுருள்களை விரலால் உதறிப் பிரித்து, ரவை தூவிய தட்டில் சிறு கூடுகளாக வையுங்கள். இங்கே மைதாவைத் தூவினால் அது ஈரத்தில் கரைந்து பசையாகிவிடும், கொதிநீரும் கஞ்சியாகும். ரவை கரையாமல் குருணையாகவே நின்று, தண்ணீரில் போட்டதும் உதிர்ந்து அடியில் தங்கும்.

வேகவைத்தல்

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு. தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். அது மேலே மிதப்பதால் இழைகள் ஒட்டுவதைத் தடுக்காது; வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து சாஸை வழுக்கவிடும். ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், போட்டதும் முதல் அரை நிமிடம் இடுக்கியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாஸ்தாவைப் போடுவதற்கு முன்பே சாஸ் தயாராக இருக்கட்டும். டாலியாடெல்லே இரண்டு முதல் மூன்று நிமிடத்தில் வேகும். ஒன்றரை நிமிடத்தில் ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள், பிறகு அரை நிமிடத்துக்கு ஒருமுறை. காய்ந்த பாஸ்தாவின் நடுவில் எதிர்பார்க்கும் அந்த விறைப்பு இதில் வராது. பச்சை மாவு வாசனை போய், மிருதுவாக இருந்தும் பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் கொடுத்தால் வெந்துவிட்டது.

வடிக்குமுன் ஒரு குவளை கொதிநீரை எடுத்து வையுங்கள். முதல் முறைக்கு மிக எளிய சாஸ் ஒன்றே போதும், மாவின் ருசி அதில்தான் தெரியும். அகலமான வாணலியில் 40 கிராம் வெண்ணெயை உருக்கி, எடுத்துவைத்த நீரில் 80 மி.லி. ஊற்றி, பாஸ்தாவைப் போட்டு அரை நிமிடம் புரட்டுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, மிக நைசாகத் துருவிய 40 கிராம் பார்மேசான் சீஸைத் தூவிக்கொண்டே வேகமாகக் கிளறுங்கள். நீரிலுள்ள மாவுச்சத்து வெண்ணெயையும் நீரையும் பிரியாமல் கட்டிவைப்பதால் க்ரீம் இல்லாமலே பளபளப்பான சாஸ் கிடைக்கும். அடுப்பு எரியும்போதே சீஸைப் போட்டால் அது திரண்டு கட்டிகட்டியாகிவிடும்.

முட்டை இல்லாமல்

தென் இத்தாலியின் வழக்கமான மாவு இது: டூரம் கோதுமையின் நைஸ் மாவு 200 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 95 முதல் 100 மி.லி. வேறெதுவும் வேண்டாம். கடையில் ரவை என்று விற்பதெல்லாம் டூரம் கோதுமையில் செய்ததாக இருக்காது, பையின் மேல் படித்துப் பாருங்கள். கிடைத்தது சாதாரண ரவை என்றால், மிக்ஸியில் நைசாக அரைத்து, பாதிக்குப் பாதி மைதாவுடன் கலந்தால் ஓரளவு நல்ல மாவு வரும். இதையும் பத்து நிமிடம் பிசைந்து அரை மணி ஊறவையுங்கள். முட்டை மாவைவிடச் சற்றுச் சொரசொரப்பாகவே இருக்கும்.

இந்த மாவை மெல்லிய ஷீட்டாகத் தேய்க்க முயல்வதைவிடக் கையால் உருவம் கொடுப்பதே நல்லது. ஒரு விரல் தடிமனுக்குக் கயிறாகத் திரித்து, இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் மேல் ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் வைத்து அழுத்தி உங்களை நோக்கி இழுங்கள். மாவு விரலைச் சுற்றி உருண்டு, நடுவில் குழியோடு சிறு ஓடம்போல் வரும். இதுதான் கவடெல்லி. உருளாமல் பலகையில் தேய்ந்துகொண்டே போனால் மாவு ஈரம். துண்டு நகராமல் வெடித்தால் உலர்ந்துவிட்டது. மாவு தூவிய பலகையில் இது வரவே வராது, பிடிமானம் இல்லாமல் துண்டு சறுக்கும். பலகை துடைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும். இதன் தடிமனுக்கு வேக ஐந்தாறு நிமிடம் பிடிக்கும்.

மிஞ்சினால்

முட்டை மாவை குளிர்பெட்டியில் ஒரு நாளைக்கு மேல் வைத்தால் சாம்பல் நிறம் படரும். வெட்டிய பாஸ்தாவை ஃப்ரீசரில் தட்டோடு வைத்து, உறைந்தபின் பையில் போட்டு மூடினால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். சமைக்கும்போது உருகவிடாமல் உறைந்தபடியே கொதிநீரில் போடுங்கள், ஒரு நிமிடம் கூடுதலாக வேகட்டும். உருகினால் கூடு முழுவதும் ஒரே உருண்டையாகிவிடும்.

மெஷினைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உருளைகளுக்கிடையில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், உள்ளே தங்கிய மாவும் பசையாகி இறுகும். ஒரு மணி நேரம் காயவிட்டால் ஒட்டிய மாவு தூரிகைக்கே உதிர்ந்துவிடும். புது மெஷின் என்றால் முதலில் ஒரு சிறு உருண்டை மாவை நாலைந்து முறை ஓட்டி, தொழிற்சாலை எண்ணெயை அதில் ஒற்றி எடுத்துவிட்டு அந்த மாவை எறிந்துவிடுங்கள்.

வெட்டும்போது மிஞ்சிய ஓரங்களையும் கோணல் துண்டுகளையும் மறுபடி பிசைய வேண்டாம், ரவையும் உலர்ந்த மாவும் ஏறியிருப்பதால் நன்றாக வராது. கோணல்மாணலாகவே நறுக்கிக் காயவையுங்கள். இத்தாலியில் அதற்கு 'மால்டாலியாட்டி' என்றே பெயர், தப்பும் தவறுமாக வெட்டியது என்று பொருள். கொதிக்கும் சூப்பில் கடைசி மூன்று நிமிடத்தில் போட்டால் போதும்.